எமெஸ்: ஆட்சி திருத்திய உண்மை

நூலாசிரியர் தாமே விரும்பி எழுதிய நூல்களை ஆராய்வதே இலக்கியப் பகுதிகளின் வழக்கம். இன்று நாம் ஆராயப் புகுவது அத்தகைய நூலன்று. இதனுட் பேசுவோர் பதினைவர். விரும்பிப் பேச வந்தவர் ஒருவருமிலர். அவருட் பதின்மூவர் நூல் முற்றுப்பெற்ற இருபத்தைந்தாம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நூலோ நாற்பத்திரண்டு ஆண்டுகள் பூட்டிய அறையிற் கிடந்து, 1994-ம் ஆண்டில் ருஷ்ய மொழியில் அச்சேறிற்று. 2001-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகப் பதிப்பகம் அதனைச் சுருக்கி ஆங்கிலத்தில் வெளியிட்டது.

சோவியத்து நாட்டு உச்ச நீதிமன்றத்தின் இராணுவப் பிரிவு, 1952 மே 8 முதல் ஜூலை 18 வரை, யூத பாசிச எதிர்ப்புக் குழுவைச் சார்ந்தோர் மீது மறைவாக நடத்திய வழக்கின் குறிப்பேடே அந்நூல். அரசாங்க வழக்கறிஞரும் இல்லை. கைதிகளின் பக்கத்து வழக்கறிஞரும் இல்லை. நீதிபதிகள் மூவரும், கைதிகளும், எழுதுவோருமே அங்கிருந்தனர்.

யூதருடைய வழக்கேட்டைத் தமிழர் படித்து ஆவதென்ன என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினவத் தக்கதே. புரோகிதர் மொழி பெரிதா, பொதுமக்கள் மொழி பெரிதா? எழுத்தைத் திருத்தலாமா? சமயப் பள்ளி வேண்டுமா, பொதுப்பள்ளி வேண்டுமா? இவை நம் சீர்திருத்தப் பத்திரிகைகள் பல்லாண்டு வாதித்த வினாக்கள். இதே வினாக்கள் சோவியத்து யூதரிடையேயும் எழுந்தன. அங்கே விடை கூறியது வாதமன்று, ஆட்சி. 1932-ல் பெரியார் ஈ.வெ.ரா. அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். அதன்பின் அந்நாட்டைப் பற்றிய நல்லெண்ணம் நம் பத்திரிகைகள் பலவற்றில் வேரூன்றியிருந்தது. ஆகவே, அந்நாட்டுச் சீர்திருத்தக்காரர் சிலருடைய கதை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என அறிவது நமக்கு வேண்டாத வேலையன்று.

மொழியும் எழுத்தும்

ஜார் மன்னர் ஆட்சியில் யூதர் தாம் விரும்பிய ஊரிற் குடியேற இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல், மேற்கெல்லை மாகாணங்களுக்குள்ளேயே அவருட் பெரும்பாலோர் அடைத்து வைக்கப்பட்டனர். 1897-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவர் தொகை ஏறத்தாழ 52 இலட்சம். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் தம் தாய்மொழி யித்திஷ் என்றனர். யித்திஷ் ஜெர்மன் மொழியினின்று கிளைத்தது. எபிரேயச் சொற்களும் ஸ்லாவியச் சொற்களும் கலந்தது. எபிரேய எழுத்தால் எழுதப்படுவது. கடைத்தெருவிலும் அடுக்களையிலும் தொழிற்கூடத்திலும் வழங்கியது அதுவே. தொழுகைக்கும் சாத்திரத்திற்கும் உரியதென எபிரேயம் மேலே வைத்துப் போற்றப்பட்டது. ஆண்பிள்ளைகள் 'ஹேடர்' என்னும் சமயத் திண்ணைப் பள்ளியில் எபிரேய வேதத்தை நெட்டுருச் செய்தனர். பெண்பிள்ளைகளுட் பலர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை.

1917-ம் ஆண்டுப் புரட்சி குடியிருப்புத் தடையை ஒழித்தது. பல்கலைக் கழகங்களின் கதவைத் திறந்தது. பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சி யூதப் பகைமையைக் குற்றமாக்கிற்று. இந்நன்மைகளை மறைத்துப் பேசுவோர் பேச்சை நாம் ஏலோம். 1918-ல் அக்கட்சிக்குள்ளேயே யூதப் பிரிவுகள் அமைந்தன. 'யெவ்ஸெக்ஸியா' என்பது அவற்றின் பெயர். பொதுமக்களுக்கு அவர்தம் மொழியிலேயே புதுக்கொள்கையைப் புகட்டுவதும், சமய குருமாரின் பிடியைத் தகர்ப்பதும் அவற்றின் வேலை. ஹேடர்கள் மூடப்பட்டன, தொழுகைக் கூடங்கள் பல மன்றங்களாக மாற்றப்பட்டன. எபிரேயம் உழைக்கும் யூதர் பேசும் மொழியன்று என்று 1919-ல் கல்வித் துறை தீர்ப்பளித்தது. சிறுபான்மையோர் மொழிகளுக்குரிய உரிமை அதற்கு மறுக்கப்பட்டது.

1921-ல் கீவ் நகரில், யூதரின் புத்தாண்டு நாளன்று, யூத சமயத்தையே குற்றவாளியாக நிறுத்தி மக்கள் முன்னிலையில் ஒரு விசாரணை நடத்தப்பட்டது. அது நடந்த மண்டபம் கருதத் தக்கது. பெய்லிஸ் என்னும் யூதத் தொழிலாளி சமயச் சடங்குக்காகச் சிறுவனைக் கொன்றானென்ற பொய்ப்பழி 1913-ல் விசாரிக்கப்பட்ட மண்டபமே அது. ஜார் காலத்து நீதிமன்றமாயினும், அன்று வழக்கறிஞர் இருந்தனர். பன்னிரு பொதுமக்களான ஜூரர் இருந்தனர். பெய்லிஸ் விடுதலை பெற்றார். எட்டாண்டு கழித்து அங்கே நடந்ததில் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டிருந்தது. மூடநம்பிக்கை தோற்றதெனக் கைதட்டியோர், அம்மண்டபத்தினின்று நீதியும் வெளியேறியதைக் கண்டிலர்.

இனி எழுத்துக்கு வருவோம். யித்திஷில் எபிரேயத்தினின்று வந்த சொற்கள் உயிரெழுத்தின்றி எபிரேய முறைப்படியே எழுதப்படும். எபிரேயம் கல்லாதவன் அவற்றை ஒவ்வொன்றாக நெட்டுருச் செய்தே படிக்க வேண்டும். சோவியத்துச் சீர்திருத்தக்காரர் அவற்றையும் ஒலிக்கு ஏற்ப எழுதினர். சொல்லிறுதியில் மட்டும் வேறு வடிவு கொள்ளும் ஐந்து எழுத்துகளை 1932-ல் நீக்கினர். மாஸ்கோவில் வெளிவந்த கட்சியின் யித்திஷ் நாளிதழ் 'தெர் எமெஸ்' எனப்பட்டது. எமெஸ் என்றால் உண்மை. அது எபிரேயச் சொல். பழைய முறையில் அதற்கு மூன்றெழுத்து. முதலெழுத்து எபிரேய நெடுங்கணக்கின் முதலிலும், கடையெழுத்து அதன் இறுதியிலும் உள்ளவை. ஆதலால் உண்மை என்பது எழுத்தனைத்தையும் அளாவியது என்று பழையோர் நயம் கூறி மகிழ்வர். புதுமுறையில் அச்சொல்லுக்கு நான்கெழுத்து. மூன்றில் ஒன்றே பழையது.

இத்திருத்தத்தை நாம் குறைகூறவில்லை. எழுத்து மனிதனுக்காக ஏற்பட்டது. எளிய எழுத்தால் ஏழைத் தொழிலாளி படிப்பானாயின் பழையோரின் நயம் போனால் போகட்டும் என்பதே நம் கட்சி. ஆயினும் ஒரு வேற்றுமையைக் குறித்தல் வேண்டும். பெரியார் 1935-ல் 'குடி அரசு' இதழில் தமிழெழுத்துத் திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசாங்கம் அதனை ஏற்றது 1978-ல். இடைப்பட்ட நாற்பத்து மூன்றாண்டும் பழைய எழுத்தை விரும்பியோர் பழைய எழுத்திலேயே அச்சிட்டனர்; திருத்தத்தை எள்ளினர்; அதற்கு மறுமொழியும் பெற்றனர். சோவியத்து யித்திஷ் எழுத்தாளனுக்கு அவ்விடம் இல்லை. தாவீது ஹாப்ஸ்டெயின் என்ற கவிஞர் யித்திஷிலேயே கவி பாடியவர். 1924-ல் எபிரேயத் தடையை எதிர்த்த விண்ணப்பத்தில் அவர் கையொப்பமிட்டார். அதன் விளைவாகப் பத்திரிகைப் பொறுப்பை இழந்து நாட்டை விட்டுச் சென்றார். 1926-ல் திரும்பி வந்தார். இருபத்தாறு ஆண்டு கழித்து நாம் ஆராயும் இவ்வழக்கேட்டில் அவர் பெயரைக் காண்கிறோம்.

திருத்தினோர் கதி

யித்திஷ் மொழி அந்நாட்டில் பெற்ற ஏற்றம் சிறிதன்று. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யித்திஷ் வழியாகப் பாடம் நடத்திய பள்ளிகள் ஆயிரத்துக்கு மேல். மாணவர் ஓரிலட்சத்துக்கு மேல். வெள்ளை ருஷ்யக் குடியரசின் இலச்சினையில் ஒன்றுபடுமாறு உலகத் தொழிலாளரை அழைக்கும் முழக்கம் நான்கு மொழிகளிற் பொறிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று யித்திஷ். மாஸ்கோவில் அரசாங்க யூத நாடக சபை நடந்தது. சாலமோன் மிக்கோயெல்ஸ் 1935-ல் அங்கே லியர் மன்னனாக நடித்துப் பெரும்புகழ் எய்தினார்.

ஆனால் இவை யாவும் ஒரே கையெழுத்தால் வந்தவை. ஒரே கையெழுத்தால் போயின. 1930-ல் யெவ்ஸெக்ஸியா கலைக்கப்பட்டது. 1938-ல் 'தெர் எமெஸ்' நாளிதழ் நின்றது. அவ்வாண்டே இலச்சினையினின்று யித்திஷ் எழுத்து நீக்கப்பட்டது. பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. யெவ்ஸெக்ஸியாவின் முதல் தலைவர் திமான்ஷ்டெயின் 1938-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 'எமெஸ்' ஆசிரியர் லித்வாகோவ் 1937-ல் சிறைப்பட்டு மீளவேயில்லை. குருமாரை எதிர்த்து முன்னணியில் நின்ற எஸ்தர் ஃப்ரூம்கினா அம்மையார் 1938-ல் சிறைப்பட்டு 1943-ல் கைதிகள் முகாமில் மாண்டார். எதிர்த்துரைப்போர் நாவை அடக்க உதவியவர்கள் தம்மைக் காக்க எழும் நா ஒன்றையும் மீதி வைத்திலர்.

1941-ல் ஹிட்லரின் படை புகுந்தது. சோவியத்து மண்ணில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட யூதரை அது கொன்றது. உலக யூதரின் ஆதரவைத் திரட்டுதற்கென 1942-ல் ஸ்டாலின் அரசாங்கமே யூத பாசிச எதிர்ப்புக் குழுவை ஏற்படுத்திற்று. மிக்கோயெல்ஸ் அதன் தலைவர். அவரும் கவிஞர் இட்ஸிக் ஃபெஃபரும் 1943-ல் அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். நியூயார்க்கில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மக்கள் கூடி அவர்களை வரவேற்றனர். 1944 பிப்ரவரியில் கிரிமியாவில் யூத சோவியத்துக் குடியரசு ஒன்று அமைக்குமாறு குழுவினர் ஸ்டாலினுக்கு விண்ணப்பித்தனர். எழுத்தாளர் எரென்பர்க்கும் க்ரோஸ்மனும் நாஜிகள் செய்த படுகொலைகளுக்குச் சாட்சியங்களைத் திரட்டிக் 'கரும்புத்தகம்' என்னும் தொகுப்பை ஆக்கினர். ஜெர்மானியர் யூதரை அழிக்கவே போர் தொடுத்தனர் என்ற தவறான எண்ணத்தை அது தருமென்று 1947-ல் கட்சியின் பிரசாரத் துறை குறைகூறிற்று. அச்சுக்கோத்த எழுத்தும் கலைக்கப்பட்டது.

1948 ஜனவரியில் மின்ஸ்க் நகரில் மிக்கோயெல்ஸ் மோட்டார் விபத்தில் மாண்டார் என்று அறிவித்து அரசாங்க மரியாதையோடு அடக்கம் செய்தனர். அது விபத்தன்று, அரசாங்கப் போலீசார் செய்த கொலை என்பதை 1953 ஏப்ரலில் பெரியா கட்சித் தலைமைக்கு எழுதிய குறிப்பு காட்டுகிறது. 1948 நவம்பர் 20-ல் குழுவைக் கலைக்கும் தீர்மானம் நிறைவேறியது. இப்போதைக்கு ஒருவரையும் கைது செய்ய வேண்டாம் என்றும் அதில் ஒரு வாசகம் இருந்தது. 'இப்போதைக்கு' என்பதன் அளவு ஏறத்தாழ ஐந்து வாரம். ஃபெஃபர் டிசம்பரில் பிடிபட்டார். மிக்கோயெல்ஸுக்குப்பின் நாடக சபையை நடத்திய ஸூஸ்கின் மருத்துவமனையில் உறக்கச் சிகிச்சையில் இருந்தபோதே கொண்டுசெல்லப்பட்டுச் சிறையிற் கண் விழித்தார். ஏனையோர் அடுத்துப் பிடிபட்டனர்.

வழக்கேட்டின் இருவகை எழுத்து

இப்பின்னணியோடு நூலுட் புகுவோம். இவ்வழக்கில் இருவகை எழுத்து உண்டு. ஒன்று, சிறையில் விசாரணை அதிகாரி எழுதிக் கைதியின் கையொப்பம் பெற்ற வாக்குமூலம். அது நாற்பத்திரண்டு தொகுதி. மற்றொன்று, நீதிமன்றத்திற் கைதி பேசப் பேச எழுதியது. நம் கையிலுள்ள நூல் இதுவே. இவ்விரண்டின் வேற்றுமையை உணராதான் வழக்கேட்டைப் படித்தும் படியாதவனே.

முதல்வகை எழுத்தில் விஞ்ஞானியும் கவிஞனும் நடிகனும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே நடையிற் பேசுவர். தம்மைத் தாமே தேசியவாதிகள் என்றும், சோவியத்து ஆட்சியின் பகைவர் என்றும் வைது கொள்வர். உடலியல் அறிஞர் லீனா ஷ்டெர்ன் அம்மையார் சோவியத்து விஞ்ஞானக் கழகத்தின் முழு உறுப்பினரான முதற்பெண்மணி. வாக்குமூலத்திலுள்ள சொற்கள் தம்முடையன அல்ல, அதிகாரியுடையன என்று அவர் மன்றத்தில் மறுத்தார். பிறரும் அவ்வாறே சொல்லினர். எழுதியவன் ஒருவன், ஒப்பமிட்டவன் மற்றொருவன் என்னும் நிலை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதன்று. கிராணி எழுதிய கணக்கில் இன்னதென அறியாமற் கைநாட்டு வைத்த தோட்டத்துப் பாட்டன்மாரின் பேரர் நாம்.

இதனைக் கூர்மையாகச் சொன்னவர் லெய்ப் குவிட்கோ. குழந்தைகளுக்கு அவர் பாடிய பாட்டுகள் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டவை. அவர் மன்றத்திற் கூறியதன் கருத்து இது: விசாரணை அதிகாரிகள் மெய்ச்செய்திகளைக் கொண்டு குற்றம் நாட்டக் கடமைப்பட்டவர்கள், கற்பனை செய்தல் கவிஞனாகிய என் தொழில், இவ்வழக்கிலோ தொழில்கள் மாறிப்போயின. வழக்கேட்டுக்கு இதனினும் சிறந்த திறனாய்வை நாம் எழுத இயலாது. கற்பனை அதிகாரியினது, மெய் கவிஞனது. அதிகாரியின் கற்பனையும் நல்ல கற்பனையன்று. பாத்திரங்கட்குத் தனிக்குரல் இல்லை. நிகழ்ச்சிகட்குக் காரணத் தொடர்பு இல்லை. கிரிமியா விண்ணப்பம் அரசாங்கத் தலைமைக்கே நேரே எழுதப்பட்டது. அதனை அமெரிக்கருக்கு நாட்டைக் காட்டிக்கொடுக்கும் மறைவான சதியாகத் திரித்தது அதன் கதைப்பின்னல்.

இரண்டாம் வகை எழுத்தில் மனிதர் தோன்றுகின்றனர். மருத்துவர் ஷிமெலியோவிச் மாஸ்கோவின் பெரிய மருத்துவமனை ஒன்றின் தலைவர். அவர் குற்றத்தை என்றும் ஏற்றிலர். தாம் வாங்கிய அடிகள் ஏறத்தாழ இரண்டாயிரம் என்று மருத்துவர்க்குரிய அமைதியோடு கணக்குரைத்தார். லோஸோவ்ஸ்கி 1901 முதல் கட்சியில் இருந்தவர், அயல்நாட்டுத் துறையில் துணை அமைச்சராக விளங்கியவர். அவர் குற்றப் பத்திரிகையின் முரண்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அம்மன்றத்தில் இல்லாத வழக்கறிஞரின் வேலையை அம்முதியவர் தாமே செய்தார்.

நாவலாசிரியர் தாவீது பெர்கெல்சனின் பேச்சு நம் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது. தம்மிடம் தேசியவாதம் எவ்வாறு புகுந்தது என்று விளக்கப் புகுந்தவர் தம் இளமையை நினைக்கிறார். பழம் ஜெரூசலத்துக் கோயில் எரிந்த நாளென ஆண்டுதோறும் யூதர் நோன்பிருப்பர், குழந்தைகளும் உண்ணார். ஆறேழு வயதில் அத்தீயின் புகை தம் மூக்கில் ஏறியதுபோலவே தமக்குத் தோன்றிற்று என்கிறார். இதனைத் தம் குற்றத்திற்குக் காரணமாக அவர் கூறினார். நீதிபதிகள் அதில் ஒப்புதலைக் கேட்டிருக்கலாம். வாசகன் கேட்பது நாவலாசிரியனை. அஞ்சி ஒடுங்கிய அந்நிலையிலும், எதனைக் கண்டிக்க எடுத்தாரோ அதனை உயிரோடு காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை. சமயத்தை ஏலாத நாமும் அப்புகையை உணர்கிறோம். அதுவே எழுத்தின் வலிமை.

ஃபெஃபர் கதை மிக்க துயரமானது. கட்சியை விடாது பாடியவர். குழுவிலிருந்தபோதே இரகசியப் போலீசுக்கு உளவு சொல்லியவர். விசாரணையில் ஏனையோரைக் காட்டிக்கொடுத்தவர். அத்தகையவர் கதவடைத்த தனியமர்வில் தம் உளவுத்தொழிலை ஒப்புக்கொண்டு, முன்சொன்ன வாக்குமூலத்தை மறுத்துவிட்டார். மறுத்ததும் அவரைக் காக்கவில்லை, ஒத்துழைத்ததும் காக்கவில்லை. அவரைத் துரோகி என்று ஒரு சொல்லால் ஒதுக்குவது எளிது. நூலை முழுதும் படித்தவர்க்கு அவ்வெளிமை கிட்டாது.

நீதிபதி செப்த்ஸோவும் நினைக்கத் தக்கவர். வழக்கு நில்லாது எனக் கண்டு, மறுவிசாரணை வேண்டுமென்று மேலிடத்தாரை நாடினார். கட்சித் தலைமை இதனை மூன்று முறை ஆராய்ந்து முடிவு செய்துவிட்டது, முடிவை நிறைவேற்றுக என்று மாலென்கோவ் கூறியனுப்பினாரென்று அவரே பின்னாளில் எழுதினார். நிறைவேற்றினார். ஜூலை 18-ல் பதின்மூவர்க்கு மரண தண்டனை. ஷ்டெர்ன் அம்மையார்க்குச் சிறையும் நாடுகடத்தலும். நோயுற்றுத் தனியே வைக்கப்பட்ட பிரெக்மன் மறு ஆண்டு சிறையில் மாண்டார். 1952 ஆகஸ்டு 12-ல் துப்பாக்கி முழங்கியது. பெர்கெல்சனுக்கு அன்று அறுபத்தெட்டாம் பிறந்தநாள். பலருடைய குடும்பத்தார் 1953 தொடக்கத்தில் நாடுகடத்தப்பட்டனர். தம்மவர் இறந்தனர் என்பதை 1955 வரை அவர்கள் அறியார். அவ்வாண்டு நவம்பரில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மறைவாகவே தள்ளுபடி செய்தது.

நூலின் குறைகள்

இந்நூலைப் புகழ்வோர் இரண்டு பிழை செய்கின்றனர். அவ்விரவைக் கவிஞர் கொலையுண்ட இரவு என்று அழைப்பது வழக்கமாயிற்று. பதின்மூவருள் எழுத்தாளர் ஐவரே: பெர்கெல்சன், மார்க்கிஷ், குவிட்கோ, ஹாப்ஸ்டெயின், ஃபெஃபர். மருத்துவரும், நடிகரும், பத்திரிகையாளரும், மொழிபெயர்ப்பாளரும், பதிப்பாசிரியையும் உடன் மாண்டனர். புகழுள்ள பெயரின் நிழலில் ஏனையோர் மறைதல் தகாது.

மன்றத்திற் கூறியதெல்லாம் மனத்திலிருந்து வந்ததென்று கொள்வது இரண்டாவது பிழை. யித்திஷில் எழுதிக்கொண்டே இருந்ததால் யூதர் ஏனைய மக்களோடு கலப்பதற்குத் தாமே தடையாயினரென்று குவிட்கோ வருந்திக் கூறியதும் அக்குறிப்பேட்டில் உண்டு. அதனை அவருடைய முடிந்த கருத்தென நாம் கொள்ளலாமா? உயிர் பிறர் கையில் இருக்கையில் உரைத்தது அது. எனினும் அதில் ஓர் உண்மை வெளியாகிறது. குருமாரின் எபிரேயத்தை வீழ்த்த எந்த யித்திஷைக் கட்சி உயர்த்திற்றோ, அந்த யித்திஷில் எழுதியதே முப்பதாண்டில் குற்றத்திற்குச் சான்றாயிற்று. சொல்லின் எழுத்தைத் திருத்தும் உரிமை முழுதையும் ஆட்சிக்குக் கொடுத்தோர், சொல்லின் பொருளைத் திருத்தும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிட்டனர். ஆங்கிலப் பதிப்பாளர் நல்ல முன்னுரை தந்துள்ளனர். ஆயினும் அது சுருக்கப் பதிப்பே என்பதைப் படிப்போர் மறவாதிருத்தல் நலம்.

மெழுகிற் பதிந்த குரல்

வழக்கேடு ஒன்றே ஆவணமன்று. கீவ் நகரில் மோய்ஸெய் பெரெகோவ்ஸ்கி என்னும் இசையறிஞர் இருந்தார். தொழிலாளர், குடியானவர், போர்வீரர், அகதிகள் ஆகியோரின் யித்திஷ்ப் பாட்டுகளை மெழுகுருளைகளிற் பதிந்து திரட்டினார். 1950-ல் அவரும் சிறைப்பட்டார், 1955-ல் விடுதலை பெற்றார், 1961-ல் காலமானார். அவர் திரட்டு அழிந்ததென்றே உலகம் எண்ணிற்று. 1990-களில் கீவ் நகரத்து வெர்னாட்ஸ்கி நூலகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உருளைகள் இருப்பது தெரியவந்தது. 2005-ல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக நினைவேட்டில் சேர்த்தது. போர்க்காலத்தில் அவர் குழுவினர் எழுதிவைத்த பாட்டுகள் சில 2018-ல் இசைத்தட்டாக வெளிவந்தன.

அப்பாட்டுகளில் ஸ்டாலினைப் புகழ்வனவும் உண்டு. பிள்ளையை இழந்த தாயின் ஓலமும் உண்டு. அவற்றையும் வழக்கேட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் வேண்டும். வழக்கேட்டின் யூதன் எப்போதும் சதி செய்கிறான். பாட்டின் யூதன் சண்டை செய்கிறான், பசிக்கிறான், செஞ்சேனையை நம்புகிறான், உற்றாரைத் தேடுகிறான். எவன் மெய்யான மனிதன் என்று நாம் கூற வேண்டுவதில்லை.

முடிபு

இதனைப் படித்து வைதிகர் மகிழ்வர். கடவுளை விட்டோர்க்கு இதுவே கதி என்பர். அவர்க்கு நம் விடை எளிது. யூதரைக் குடியிருப்புத் தடைக்குள் அடைத்ததும், பெய்லிஸ் மேல் பொய்வழக்குத் தொடுத்ததும் கடவுளையும் கோயிலையும் போற்றிய ஆட்சியே. ஹேடர் மூடியதால் 1952 வந்ததன்று. மூடியது சரியா என்று கேட்க ஒரு பத்திரிகையும் ஒரு மேடையும் இல்லாமற் செய்ததால் வந்தது.

மறுபுறத்தில், நன்மை பெரிது, இவை சிறு தவறுகள் என்று கூறும் தோழர்களும் உளர். அவர்க்கும் ஒன்று கூறுவோம். குடியிருப்புத் தடை ஒழிந்ததும் பள்ளிகள் எழுந்ததும் நன்மையே. ஆனால் அந்நன்மைகளுக்காக இராப்பகலாய் உழைத்தவர்களே சிறைக்கூடத்தில் கையொப்பமிட்டவர்கள். அவர்களை மறந்து நன்மையை மட்டும் கணக்கிற் சேர்ப்பது, உழைத்தவன் பெயரை விட்டு விளைச்சலை மட்டும் எழுதும் கணக்காகும்.

யூதப் பழங்கதை ஒன்று உண்டு. களிமண்ணால் ஆளுருச் செய்து, அதன் நெற்றியில் உண்மை என்று எழுதினால் அது எழுந்து வேலை செய்யுமாம். அம்மூன்றெழுத்தில் முதலெழுத்தை அழித்தால் எஞ்சுவது 'இறந்தான்' என்னும் சொல். உரு மண்ணாய்ச் சாயும். நமக்கு இது கதையே. ஆயினும் நெற்றியில் எழுதவும் அழிக்கவும் உரிமை ஒருவனிடமே இருந்தால் என்னாகும் என்பதை இவ்வழக்கேடு கதையின்றியே காட்டுகிறது.

எழுத்தைத் திருத்துவோம், வழக்கத்தைத் திருத்துவோம், திருத்த வேண்டுவன நம்மிடையே இன்னும் பல. ஆனால் நம் திருத்தத்தை மறுப்பவன் அச்சிடவும், கூட்டம் கூட்டவும், கையொப்பமிட மாட்டேன் என்று மறுக்கவும் இடம் இருத்தல் வேண்டும். அவ்விடம் அவனுக்காக மட்டுமன்று; நாளை நமக்கே வேண்டியிருக்கும். இந்நூலை ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள் நூலகங்களிற் கேட்டுப் பெற்றுப் படித்து, அறியாதார்க்கும் எடுத்துரைப்பாராக.